அம்பு அக்கா வைத்த பாட்டில்

கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆம்பளையை நம்பலாமா என்று அம்பு அக்காவைக் கேட்டுப் பாருங்கள். கூடவே கூடாது என்பாள். அவளுடைய வீட்டுக்காரர் கல்யாணமான நாளிலிருந்து எத்தனையோ சாக்குச் சொல்லிக் கண்ணை மூடியிருக்கிறார். தலைவலி என்றிருக்கிறார், வெளிச்சம் கூசுகிறது என்றிருக்கிறார், பஸ்ஸில் ஏறினாலே தூக்கம் சொக்குகிறது என்றிருக்கிறார். சாக்குதான் வேறு வேறு, உள்ளே போயிருந்த சரக்கு ஒன்றுதான். இப்போது தியானம் என்று சொல்லி மூடுகிறார். பெயரை மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

வீட்டின் பின்பக்கம், வாஷிங் மெஷினும் துடைப்பமும் பழைய வாளிகளும் கிடக்கும் சின்ன அறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு காலையிலும் சாயங்காலமும் உட்காருவார். முதுகு நேராக இருக்கும். கை இரண்டும் தொடைமேல் கிடக்கும். அம்பு அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை நடை நடந்து வந்து, உடம்பைக் கதவுக்கு வெளியே வைத்துக்கொண்டு மூக்கை மட்டும் உள்ளே அனுப்புவாள்.

"வாசம் புடிச்சாச்சா?" என்பார் அவர், கண்ணைத் திறக்காமலே.

"யாரு வாசம் புடிச்சா? சோப்புப் பவுடர் எடுக்க வந்தேன்."

"நேத்தும் அதத்தான் எடுத்த."

"தியானம் பண்றவருக்குக் காது இவ்வளவு கேக்குமா?"

"கேக்கும். கேக்கறத விட்டுடணும், அவ்வளவுதான்."

இந்த மாதிரிப் பேச்சுதான் அவளுக்குப் பிடிக்காது. குடித்திருந்தால் உளறுவார், உளறினால் தெரிந்துவிடும். இப்படித் தெளிவாகப் பேசுகிற மனுஷனை எதை வைத்து மடக்குவது?

சந்தேகப்படுவது அவளுக்குக் குணம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அதுதான் அவளுக்குச் சம்பளமும். ஏற்றுமதிச் சட்டைகள் தைக்கும் ஒரு கம்பெனியில் அவள் கடைசி செக்கிங் மேசைக்காரி. நூறு கை பட்டு வரும் சட்டை அவள் மேசைக்கு வந்துதான் பெட்டிக்குள் போகும். விளக்கடியில் விரித்து, காலரிலிருந்து விளிம்பு வரை விரலால் தடவி, தையல் விட்டுப்போன இடம், எண்ணெய்க் கறை, தொங்கும் நூல் எது கண்ணில் பட்டாலும் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை அந்த இடத்தைக் காட்டி ஒட்டிவிடுவாள். தைத்தவர்கள் வயிற்றெரிச்சலில் வைத்த பெயர்தான் அம்பு அக்கா. பெயர் நிலைத்துவிட்டது. நல்ல சட்டைக்கு அவள் ஒன்றும் செய்வதில்லை. அது பாட்டுக்கு அந்தப் பக்கம் நகர்ந்து போய்விடும். "எங்கம்மா கண்ணுக்கு நல்லா இருக்கறது எதுவும் தெரியாது, அது வேலையில வந்த வியாதி," என்று கல்லூரிக்குப் போகும் மகள் கேலி செய்வாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

வீட்டுக்காரருக்கும் அதே கம்பெனிதான். கட்டிங் மாஸ்டர். மேசை நீளத்துக்குத் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே அளவுத் தாளைப் போட்டு, செங்குத்தாக நின்று ஓடும் கத்தி மெஷினைக் கையால் தள்ளிக்கொண்டே போவார். வளைவு நெளிவெல்லாம் பென்சிலால் வரைந்த மாதிரி வரும். அந்தக் கைக்கு முதலாளி வரைக்கும் மரியாதை இருந்தது. அந்தக் கைதான் சாயங்காலமானால் பாட்டிலைத் தேடியது, பிறகு மத்தியானமானால் தேடியது, கடைசியில் எழுந்ததும் தேடியது. பாட்டிலை அவர் ஒளிக்காத இடமில்லை. ஃப்ளஷ் தொட்டிக்குள், மகளுடைய மழைக்கோட்டுப் பைக்குள், வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் எங்கே வைத்தாலும் அவள் கண்டுபிடித்துவிடுவாள். அந்தக் கண்டுபிடிப்பில் அவளுக்கு ஒரு கர்வம்கூட இருந்ததென்று சொன்னால் அடிக்க வருவாள், ஆனால் இருந்தது.

அந்தக் கர்வத்தின் மேல் மண் விழுந்தது ஒரு காலையில். வாசலில் வழக்கம்போல முகத்தோடு முகம் வைத்துப் பார்த்தாள். ஒரு வாடையும் இல்லை. சரி போங்க என்று அனுப்பினாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடிக்கும் முன்னால் கட்டிங் பக்கமிருந்து ஒரு அலறல் கேட்டது. துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்த ஆளின் ஆள்காட்டி விரல் நுனி போய்விட்டது. மாஸ்டர் கம்பெனி பாத்ரூமில் குடித்திருந்தார். அந்த ஆள் போலீசுக்குப் போகவில்லை, கம்பெனி வைத்தியம் பார்த்தது, மாஸ்டரை வெளியே அனுப்பியது. குடிமீட்பு மையத்துக்கு அவராகவே போனார். நான் பாஸ் பண்ணி அனுப்பிய ஆளால் ஒரு மனுஷனுக்கு விரல் போச்சே என்ற நினைப்பு அம்பு அக்காவை விடவேயில்லை.

மையத்தில் குடும்பத்தாரைக் கூப்பிட்டு உட்காரவைக்கும் நாள் ஒன்று இருந்தது. ஆலோசகர் சின்ன வயதுப் பெண், குரல் தாழ்த்திப் பேசுவாள். மாத்திரை உண்டு, குழுவாக உட்கார்ந்து பேசுவது உண்டு, அதோடு இந்தத் தியானமும் ஒரு துணை என்றாள். மூச்சைக் கவனிக்க வேண்டும். குடிக்க வேண்டும் என்ற ஆசை கிளம்பினால் அதோடு மல்லுக்கட்டவும் கூடாது, அது சொல்கிறபடி ஆடவும் கூடாது. தொண்டையில் வறட்சியா, கையில் நடுக்கமா, வயிற்றில் இழுப்பா என்று அது உடம்பில் எங்கே இருக்கிறதென்று பார்த்துக்கொண்டே இருந்தால், அலை மாதிரி ஏறி இறங்கிவிடும் என்றாள்.

"மூச்சைக் கவனிக்கச் சொல்லித் தர்றீங்களா மேடம்?" என்று அம்பு அக்கா எழுந்துவிட்டாள். "நான் கல்யாணமான நாள்லேருந்து வேற என்ன பண்ணேன்னு நெனைக்கறீங்க? இவர் மூச்ச இவர விட நான்தான் அதிகமா கவனிச்சிருக்கேன். எனக்கு ஏதாவது சர்டிஃபிகேட் குடுப்பீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆலோசகரும் சிரித்தாள். "நீங்களும் உக்காந்து பாருங்கம்மா. உங்க மூச்ச கொஞ்சம் கவனிங்க," என்றாள். எல்லோரும் கண்ணை மூடினார்கள். அம்பு அக்கா ஒரு கண்ணை மூடினாள். இன்னொரு கண் மாஸ்டர் மேலேயே இருந்தது.

வீடு திரும்பிச் சில மாதங்கள் ஆகின. மாத்திரையை அவள் கண்ணெதிரே விழுங்கினார். வாரந்தோறும் மையத்துக்குப் போய்க் குழுவில் உட்கார்ந்து வந்தார். வீட்டு வேலை முழுக்க அவர் தலையில். துவைத்தார், காயப்போட்டார், மடித்தார். மடிப்பு கடைத்துணி மாதிரி இருக்கும். மகள் அப்பாவோடு பழையபடி பேச ஆரம்பித்தாள்.

"எப்படித்தான் சும்மா உக்காந்திருக்கீங்களோ?" என்று ஒருநாள் அம்பு அக்கா கேட்டாள். கேட்டது குத்திக் காட்டத்தான்.

அவர் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். "பனியன் துணிய ரோல்லேருந்து இழுத்து விரிச்சதும் வெட்ட மாட்டோம்ல? இழுபட்டுக் கெடக்கும். அப்பவே வெட்டினா அப்புறம் சுருங்கிப்போயிடும். கொஞ்ச நேரம் விட்டா தானா அடங்கும். அந்த மாதிரிதான். ஆச வரும்போது இழுபட்டுக் கெடக்கறேன்னு தெரியும். அப்ப எதையும் வெட்டக் கூடாது. உக்காந்துட வேண்டியது."

பதில் நன்றாகத்தான் இருந்தது. ரொம்ப நன்றாக இருந்ததுதான் அவளுக்கு உறுத்தியது. யாரோ சொல்லிக் கொடுத்ததை ஒப்பிக்கிறாரோ?

இப்படி நாள் போய்க்கொண்டிருந்தபோது ஃப்ளோர் மேனேஜர் அவளைத் தன் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டான். அவளைவிட வயதில் இளையவன், அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"உக்காருங்கக்கா. பெரிய ஆர்டர் ஒண்ணு வந்திருக்கு. இப்ப இருக்கற கட்டர் வெட்டறத நீங்களே பாக்கறீங்க. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை."

"பாத்துட்டுதான் சார் இருக்கேன். அம்பு தீந்துபோச்சு."

"மாஸ்டர் வந்தா நல்லாருக்கும். விட்டுட்டார்னு சொல்றாங்க. சொல்றவங்க பேச்ச நம்பி நான் அவர் கையில கத்தியக் குடுக்க முடியாது. உங்க கண்ணுக்குத் தப்பி எதுவும் போகாது. நீங்க சரின்னா எடுத்துக்கறேன். வெள்ளிக்கிழம சாயங்காலம் போன் பண்றேன், பாஸா இல்லையான்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

வெளியே வந்தவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. புருஷனுக்கு வேலை திரும்பக் கிடைக்கும் என்ற சந்தோஷம் ஒரு கணம்தான். அடுத்த கணம் கட்டிங் மேசை கண்முன் வந்தது. கத்திக்கு எதிர்ப்பக்கம் துணியைப் பிடிக்க யாரோ ஒருவன் நிற்பான். அவனுக்கும் பத்து விரல் இருக்கும். ஒருமுறை பாஸ் பண்ணித்தான் ஆயிற்று. இனி இன்னொரு முறை சரியென்று சொல்லி, அது சரியாக இல்லாமல் போனால்?

பாஸ் இல்லை என்று சொல்லிவிடலாமே என்றால், எந்தக் குறையைக் காட்டிச் சொல்வது? மாதக்கணக்காகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. வேறு யாராவது இருந்தால், குறை இல்லாததால்தான் அகப்படவில்லை என்று நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். செக்கிங் மேசைக்காரிக்கு அப்படித் தோன்றாது. ஒரு கட்டு முழுக்க ஒரு குறைகூட வரவில்லை என்றால் கட்டு நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, நாம் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

அவர்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. செக்கிங் ஆட்கள் தூங்கி வழிகிறார்களா என்று பார்க்க, சூப்பர்வைசர் நல்ல சட்டைக் கட்டுக்குள் வேண்டுமென்றே ஒரு ஓட்டைச் சட்டையைச் சொருகிவைப்பார். பிடித்தால் தப்பித்தாய், விட்டால் மாட்டினாய். அம்பு அக்கா ஒரு தடவைகூட மாட்டியதில்லை. அன்று வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்த வழக்கம் ஞாபகத்துக்கு வந்தது. வந்திருக்கவே வேண்டாம். பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நடக்க முயலும் ஒருவனுடைய காலடியில் வாழைப்பழத் தோலைப் போடுகிற வேலை அது என்று அவளுக்கு எடுத்துச் சொல்ல அங்கே யாருமில்லை. இருந்திருந்தாலும் கேட்டிருக்கமாட்டாள்.

வழக்கமான நிறுத்தத்தைத் தாண்டி, தன்னைத் தெரியாத ஒரு தெருவில் இறங்கி, மதுக்கடை வரிசையில் நின்றாள். முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு மரியாதையாக வழிவிட்டார்கள். அந்த மரியாதை அவளைக் கூசவைத்தது. எது வேண்டும் என்று கடைக்காரன் கேட்டபோது யோசிக்காமல் பெயரைச் சொன்னாள். காலி பாட்டில்களைப் பொறுக்கிப் பொறுக்கி மனப்பாடமான பெயர். பாட்டிலைச் சாப்பாட்டுப் பைக்குள், டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

மாஸ்டர் கடைக்குப் போயிருந்தார். புது பாட்டில் என்றால் சந்தேகப்படுவார் என்று, கொஞ்சத்தைச் சமையலறைத் தொட்டியில் கொட்டினாள். எப்போதோ ஒளித்து மறந்துபோன பாட்டில் மாதிரி இருக்க வேண்டும். அவசரத்தில் கையெல்லாம் வழிந்தது. சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு பையிலிருந்த ஸ்டிக்கர் தாளை எடுத்து, சரக்கு நிற்கிற மட்டத்தைக் காட்டி, பாட்டிலின் பின்பக்கம் ஒரு சிவப்பு அம்பை ஒட்டினாள். துளி குறைந்தாலும் தெரிந்துவிடும். கொண்டுபோய் வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில், அவர் பழைய இடத்திலேயே வைத்தாள். அவர் தியானம் செய்கிற நாற்காலியிலிருந்து கைநீட்டினால் எட்டும் தூரம்.

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் பார்த்தாள். மட்டம் அப்படியே இருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. ஆனால் மாஸ்டர் அப்படியே இல்லை. சாப்பாட்டைப் பாதியில் வைத்து எழுந்தார். காரணமில்லாமல் சட்டை வேர்த்து நனைந்திருந்தது. காலை, சாயங்காலம் என்று இருந்தது போய், நினைத்தபோதெல்லாம் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் தட்டுக் கழுவும்போது பக்கத்தில் வந்து, தோளுக்கு மேல் குனிந்து, சத்தமில்லாமல் மூச்சை இழுத்தார்.

"என்னங்க இது, இந்த வயசுல?" என்றாள் அவள். முகம் லேசாகச் சிவந்ததென்றும் சொல்ல வேண்டும்.

"ஒண்ணுமில்ல," என்று நகர்ந்துவிட்டார்.

மகள் வேறு வந்து கேட்டாள்: "அம்மா, உனக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா? அப்பா என்கிட்ட, அம்மா நல்லா தூங்கறாளா, அம்மாவுக்குக் கவலை ஏதாவது இருக்கான்னு தோண்டித் தோண்டிக் கேக்கறாரு."

அம்பு அக்காவுக்கு மூக்கில் வியர்த்தது. திடீரென்று என்ன கரிசனம்? தப்புப் பண்ணுகிறவன்தானே இப்படித் தாங்குவான்? குடித்த நாட்களிலெல்லாம் அவர் அவளுக்குக் காலே அமுக்கிவிட வந்ததுண்டு. மட்டம் குறையவில்லை, சரி. பழைய தந்திரம் ஒன்று உண்டே. குடித்த அளவுக்குத் தண்ணீரை ஊற்றி நிரப்பிவைப்பது. அம்பு எங்கே காட்டுகிறதோ அங்கே மட்டம் நிற்கும், ஆனால் உள்ளே இருப்பது பச்சைத் தண்ணீர்!

ஓடினாள். பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். நிறத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. மூடியைத் திறந்து மோந்தாள். அதிலும் நிச்சயமில்லை. வேறு வழியில்லாமல் பாட்டிலை வாயில் வைத்துச் சாய்த்து நாக்கில் ஒரு துளி விட்டுப் பார்த்தாள். எரிந்தது. தண்ணீர் கலக்கவில்லை. பின்வாசல் பக்கம் வாளி ஒன்று டங்கென்று கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. அவசரமாக மூடி உள்ளே தள்ளிவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. அன்று மேசையில் அவள் கையில் வேலை ஓடவில்லை. மேனேஜர் தாண்டிப் போகும்போது, "சாயங்காலம் பண்றேன்கா," என்றான். இன்று ஒருமுறை கடைசியாகப் பார்த்துவிட்டு, மட்டம் சரியாக இருந்தால் சரியென்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே பின்அறைக்குப் போனாள். கையை விட்டாள். சுவர்தான் தட்டுப்பட்டது. மெஷினையே நகர்த்திப் பார்த்தாள். பாட்டில் இல்லை. மாஸ்டரும் வீட்டில் இல்லை. அவருடைய போன் கட்டில்மேல் கிடந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கையும் களவுமாகப் பிடித்தாகிவிட்டது. இத்தனை நாள் எதைத் தேடினாளோ அது கிடைத்துவிட்டது. சந்தோஷமா வந்தது? எழுந்து தெருவுக்கு ஓடினாள். கடைத்தெருவில் பார்த்தாள், பஸ் நிறுத்தத்துக் கொட்டகையில் பார்த்தாள், பழைய கூட்டாளிகள் நிற்கும் மதுக்கடைச் சந்துக்குள்ளும் தலையை நீட்டிப் பார்த்தாள். "மாஸ்டரா? இந்தப் பக்கம் வந்து எவ்வளவு காலமாச்சு!" என்றான் ஒருவன், குறைப்பட்டுக்கொள்கிற குரலில். அதையும் அவள் நம்பவில்லை. அதற்குள் மகள் போன் செய்தாள். "எங்கம்மா போன? அப்பா வந்துட்டாரு. உன்ன உடனே வரச் சொல்றாரு. முகமே சரியில்ல."

வீட்டுக்கு வந்தபோது பின்அறையில் இரண்டு நாற்காலிகள் எதிரெதிரே போட்டிருந்தன. ஒன்றில் அவர் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. அவள் நேரே போய் முகத்தில் மூக்கை வைத்தாள். வாடை இல்லை. ஏலக்காய் இல்லை, பற்பசை இல்லை, ஒன்றுமே இல்லை.

"உக்காரு," என்றார். "பயப்படாத. நான் ஒண்ணும் திட்டமாட்டேன்."

"என்னது? நீங்க என்னைத் திட்டமாட்டீங்களா?"

"எத்தன நாளா நடக்குது?"

"என்ன நடக்குது?"

"மறைக்காதம்மா. மறைச்சுத்தான் நான் இந்த நெலைமைக்கு வந்தேன்." குரல் உடைந்தது. "தொட்டியில வாசம் வந்தப்பவே நெனச்சேன். உன் கையில வந்துது. நானா கற்பனை பண்றேனோன்னு விட்டேன். துணி போடறப்ப பாட்டில் கெடச்சுது, அதுல உன்னோட அம்பு. இதுக்கு மேல குடிக்கக் கூடாதுன்னு அளவு வெச்சுக் குடிக்கற. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன், பேனாவால கோடு போட்டு. அன்னைக்குப் பின்வாசல்ல நிக்கறேன், நீ வாயில சாய்ச்சிட்டுப் புறங்கையால தொடைக்கற. எனக்கு உயிரே போயிடுச்சு."

அம்பு அக்கா மெஷினுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தைப் பார்த்தாள்.

"என்னாலதான் உனக்கு இது வந்துது. இத்தன வருஷம் நான் படுத்தின பாடு. இன்னைக்கு அந்த பாட்டிலப் பையில போட்டுக்கிட்டு மையத்துக்குப் போனேன். வழியெல்லாம் அது மடியில உக்காந்திருக்கு. மேடம்தான் வாங்கிக் கொட்டினாங்க. என் வீட்டம்மாவ எப்படிக் கூட்டிட்டு வர்றதுன்னு கேட்டேன். மொதல்ல சண்டை போடாம உக்காந்து கேளுங்கன்னாங்க. அதான் கேக்கறேன்."

வேறொரு சமயமாக இருந்தால் அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். குடிகாரன் கண்ணுக்குத்தான் அந்த அம்பு குடிக்கிறவளின் அளவாகத் தெரியும். செக்கிங்காரி மூளைக்குத்தான் அந்த அம்பை ஒட்டவே தோன்றும். சிரிப்பு வரவில்லை. அவர் அவளுக்காக அழுதிருந்தார், அது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. ஆமாம், நான்தான் குடித்தேன் என்று பொய் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். அந்தப் பொய் எவ்வளவோ மேல்.

"நான் குடிக்கலங்க," என்றாள். "அது உங்களுக்கு வெச்சது."

அவருக்குப் புரியவில்லை.

"நீங்க குடிக்கறீங்களான்னு பாக்க வெச்சேன். மட்டம் குறையுதான்னு பாக்கத்தான் அம்பு. தண்ணி கலந்துட்டீங்களோன்னு நாக்குல விட்டுப் பாத்தேன். மேனேஜர் சார் கேட்டாரு, உங்கள எடுத்துக்கலாமா வேணாமான்னு. பாக்காம எப்படி நான் சொல்லட்டும்?"

கத்துவார் என்று நினைத்தாள். நாற்காலியைத் தூக்கி எறிவார், கதவை அறைந்து சாத்திக்கொண்டு போவார், போகிற இடமும் அவளுக்குத் தெரியும். அவர் கண்ணை மூடினார். இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து அவள் அதைப் பார்த்ததில்லை. கதவோரத்தில் நின்று மோந்து பார்த்ததோடு சரி. கன்னத்துச் சதை துடித்தது. தொண்டை ஏறி இறங்கியது. தொடைமேல் இருந்த விரல்கள் மடங்கி, முட்டி வெளுத்து, அப்படியே நடுங்கிக்கொண்டிருந்தன. சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாளே, மூட்டை தூக்குகிறவன்கூட இவ்வளவு வேர்க்கமாட்டான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மெள்ள மெள்ள விரல்கள் பிரிந்தன.

"எனக்கு வெச்சியா?" என்றார்.

"மன்னிச்சிடுங்க."

"ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. அது உன்னோடதுன்னு நெனச்சதாலதான் நான் தொடல. அத எடுத்துக் குடிச்சா உனக்கு எப்படிப் புத்தி சொல்றதுன்னு நெனச்சேன். அதையே புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். என்னோட பழைய பாட்டில்னு தோணியிருந்தா..." நிறுத்தினார். "சத்தியமா தெரியல."

இவ்வளவு பாடுபட்டு வைத்த சோதனை ஒன்றையும் சோதிக்கவில்லை. மட்டம் குறையாததற்குக் காரணம் அவள் நினைத்தது எதுவுமே இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலமும் வந்துவிட்டது, அவள் கையில் எந்தப் பதிலும் இல்லை. அப்போதுதான் போன் அடித்தது.

"அக்கா, என்ன முடிவு? பாஸா?"

"சார்..." என்றாள். சரியென்றால் எவன் விரலுக்கோ அவள் ஜாமீன். இல்லையென்றால் எதிரே உட்கார்ந்திருக்கும் இந்த மனுஷனுக்கு அவளே வைக்கும் அடி. "எனக்குத் தெரியல சார். நானும் எல்லா விதத்துலயும் பாத்துட்டேன். எனக்குத் தெரியல."

"உங்களுக்கே தெரியலன்னா எப்படிக்கா?"

மாஸ்டர் கையை நீட்டினார். அவள் போனைக் கொடுத்தாள்.

"சார், நான்தான். கத்தி வேணாம் சார், இப்ப வேணாம். துணி விரிக்கறேன், அடுக்கறேன், ரோல் தூக்கறேன், என்ன வேலை குடுத்தாலும் செய்யறேன். அளவு வேணா கூட நின்னு பாத்துச் சொல்றேன். மெஷின மட்டும் என் கையில குடுக்காதீங்க."

போனில் மேனேஜர் குரல் அவளுக்கும் கேட்டது. "ஏன் மாஸ்டர், அக்கா பாஸ் பண்ணமாட்டேன்னுட்டாங்களா?"

"அவ ஒண்ணும் சொல்லல சார். நான்தான் பண்ணல."

அம்பு அக்கா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இனி இவர் குடிக்கவே மாட்டார் என்று நம்பிவிட்டாளா என்றால், இல்லை, அந்த நம்பிக்கை அவளுக்கு அன்றும் வரவில்லை. அவர் எப்போது குடிப்பாரோ என்று இத்தனை வருஷமாக அந்த வீட்டில் பயந்துகொண்டிருந்தது அவள் ஒருத்திதான் என்று நினைத்திருந்தாள். அவரும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்.